ஒன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை: பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்பவை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஆலோசனை ஆசிரியர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் நான். பணி ஓய்வு வந்தும் கேள்விகள் நிற்கவில்லை. கோயிலில் கேட்கிறார்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சாப்பாடு, துணி, டியூஷன் எல்லாம் குறையில்லாம கொடுக்கிறோம். மனநலம்னு தனியா என்ன டீச்சர்?

எப்போதும் சிரித்த முகமாக இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அழுவான், கோபப்படுவான், பொறாமைப்படுவான். அதெல்லாம் சரிதான். அழுகை ஓய்ந்ததும் விளையாடப் போகிறானா, பயந்தால் பயம் என்று சொல்லத் தெரிகிறதா, சொன்னால் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கவலைப்பட வேண்டியது மாற்றத்தைப் பார்த்து. நன்றாகச் சாப்பிட்டவள் தட்டைத் தள்ளுகிறாள், நன்றாகத் தூங்கியவன் நடுராத்திரி எழுந்து உட்காருகிறான், பந்து என்றால் பறந்தவன் மூலையில் இருக்கிறான். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் விசாரியுங்கள்.

ஒன்றாம் ஆண்டு சேர்ந்து ரெண்டு வாரமாச்சு, இன்னும் பள்ளி கேட்டுல அழறான். நான் வகுப்புக்கு வெளியவே நிக்கட்டுமா?

வேண்டாம். ஜன்னலில் உங்கள் முகம் தெரியும் வரை அவன் கண் ஆசிரியரிடம் போகாது. கட்டிப்பிடித்து, "மணி அடிச்சதும் இதே கேட்டுல பாட்டி நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு "ஒரு மணிக்கு" என்பதைவிட "மணி அடிச்சதும்" என்பது நன்றாகப் புரியும். சொன்ன ஆள் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும், அதுதான் முக்கியம். பராக்குக் காட்டிவிட்டு நழுவுவது மட்டும் கூடாது. மறுநாள் உங்கள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடிப்பான்.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் அடங்கிவிடுவார்கள். பாலர் பள்ளிக்கே போகாமல் நேராக ஒன்றாம் ஆண்டுக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். இரண்டாம் மாதமும் அழுகை குறையவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

காலைல மட்டும் வயித்து வலிங்கிறா. பத்து மணிக்கெல்லாம் சரியாப் போயிடுது. நடிக்கிறாளா?

நடிப்பு இல்லை, வலி உண்மை. பயம் வந்தால் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். சின்னப் பிள்ளைக்குப் பயத்தைச் சொல்ல வாய் வராததால் வயிறு சொல்லிவிடுகிறது. ஆனால் முதலில் கிளினிக். வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், விடுமுறையிலும் வந்தால், காய்ச்சல், வாந்தி, எடை குறைவு என்று எதுவும் கூட இருந்தால் இதை மனசோடு முடிச்சுப் போடாதீர்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, சமையலறை நாள்காட்டியில் வலி வந்த நாளை வட்டம் போடுங்கள். செவ்வாய் மட்டும் என்றால் செவ்வாய்க்கிழமை என்ன பாடம், யார் ஆசிரியர் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். போத்தலில் கொண்டு வந்த தண்ணீர் அப்படியே வீட்டுக்குப் போகும். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது, பெரிய பிள்ளைகள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். அங்கே போகவே கூடாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். தோட்டக்காரர் புதுத் தாழ்ப்பாள் போட்டார், வலி போனது. எல்லாமே இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனாலும் கழிப்பறை, காலைச் சாப்பாடு, வேன் மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் நிறுத்திக்கொண்டால், அன்றைக்குக் கைப்பேசியும் மைலோவும் கிடைத்தால், மறுநாள் வலி கூடும். தாமதமானாலும் அனுப்புங்கள்.

நானும் வீட்டுக்காரரும் விடியக்காலை நாலு மணிக்கே சிங்கப்பூருக்குக் கெளம்பிடுறோம். திரும்பி வர ராத்திரி ஆயிடும். நாங்க என்ன செய்ய முடியும்?

நம் ஊரில் இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்பார்கள். முன்பு தோட்டத்தில் வேலை என்றால் விடியற்காலையில் பெயர் பதியும் பிரட்டுக்குப் போன அம்மா மத்தியானத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். இப்போது வெளிச்சம் வருவதற்குள் மோட்டார் சைக்கிள் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கிப் போய்விடுகிறது. பிள்ளை எழுந்திருக்கும்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் ஞாயிற்றுக்கிழமை பொம்மை வாங்கிக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது.

பிள்ளைக்கு வேண்டியது நிறைய நேரம் இல்லை, நம்பக்கூடிய நேரம். சாயங்காலம் வேலை இடைவேளையில் தினமும் ஒரே நேரத்துக்குப் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு. அதில் "ஹோம்வொர்க் முடிச்சியா" வேண்டாம். அவன் காட்டுவதைப் பாருங்கள், பூனைக்குட்டியானாலும் சரி. காலையில் கிளம்பும்போது அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதத்தில் இரண்டு வரி எழுதி வைத்துப் போகிற ஓர் அம்மாவைத் தெரியும். "இன்னிக்கு உடற்கல்வி, சப்பாத்து கழுவி வச்சிருக்கேன்" என்று இருக்கும். அந்தப் பையன் அந்தக் காகிதங்களை எல்லாம் பென்சில் பெட்டியில் மடித்து வைத்திருந்தான்.

பாட்டியையும் கவனியுங்கள். எழுபது வயதில் மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி வேனில் ஏற்றுவது லேசா? பாட்டியிடம் பள்ளியின் எண், வேன்காரர் எண், வகுப்பாசிரியர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். பள்ளியிலும் பாட்டியின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். பிள்ளை விழுந்து அடிபட்டால் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் உங்களுக்கு அழைத்து என்ன பயன்?

இன்னொன்று. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்குச் சனி, ஞாயிறு. எல்லோரும் ஒன்றாக வீட்டில் இருந்தது சனிக்கிழமை மட்டும். 2025 ஜனவரியில் ஜொகூர் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. இந்தக் குடும்பங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் சும்மா கிடைத்தது. அதையும் டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர்கள்தான் அதிகம்.

பள்ளியில என்ன நடந்துச்சுன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கிறான். எப்படிப் பேச வைக்கிறது?

கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இன்னிக்கு ஓய்வு நேரத்துல யார் பக்கத்துல உக்காந்தே?", "யாரு திட்டு வாங்கினா?" என்று கேட்டால் பதில் வரும். அடுத்தவன் திட்டு வாங்கிய கதையைப் பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்வார்கள். அதற்குள்ளேயே தன் கதையும் வந்துவிடும். எதிரே உட்கார வைத்து விசாரிக்காமல், துணி மடிக்கும்போது, மோட்டாரில் போகும்போது கேளுங்கள்.

சொன்னதும் உடனே புத்தி சொல்லாதீர்கள். "அதுக்கு நீ என்ன செஞ்சே?" என்று சீறினால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். "அப்படியா, உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வரி போதும்.

வீட்டுல வாய் ஓயாது. பள்ளியில ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாளாம். திமிரா?

திமிர் இல்லை. சில பிள்ளைகளுக்குக் குறிப்பிட்ட இடத்தில் பயத்தால் பேச்சே வராது. பள்ளி தொடங்கிய முதல் மாதத்தை விட்டுவிடுங்கள், புது இடத்தில் பல பிள்ளைகள் அமைதியாகத்தான் இருப்பார்கள். வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசி வளர்ந்து தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் சொல்லி நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள்.

அதுவரை வகுப்பில் "பேசு, பேசு" என்று எழுப்பி நிற்க வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தலையசைத்தால் போதும், எழுதிக் காட்டினால் போதும். நெருங்கிய தோழி ஒருத்தியோடு காலியான வகுப்பில் விளையாட விட்டால் பல சமயம் முதல் வார்த்தை அங்கேதான் வரும்.

ஏழு வயசு, திரும்பவும் படுக்கையில ஒண்ணுக்குப் போறான். பேயா, பயமா?

ஏழு வயதில் படுக்கையை நனைப்பது அபூர்வம் இல்லை. நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு உண்டு. ஆனால் பல மாதம் நின்று போனது திரும்பி வந்தால் ஏதோ நடந்திருக்கிறது: தம்பி பிறந்தது, வீடு மாறியது, வேனில் யாரோ மிரட்டியது. சிறுநீர்த் தொற்றும், சர்க்கரை நோயும்கூடக் காரணமாகலாம், அதனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. மந்திரிப்பதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், பரிசோதனையைச் செய்துவிட்டு. பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்காதீர்கள். அவன் காதில் விழும்.

வேன்ல "கறுப்பு", "குண்டு"ன்னு கூப்பிடுறாங்களாம். திருப்பி அடிடான்னு சொல்லிக் கொடுத்தா என்ன?

அடித்தால் பள்ளிப் பதிவில் ஏறுவது உங்கள் பிள்ளையின் பெயர்தான். அதைவிட முக்கியம், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை ஆறாம் ஆண்டுப் பையனை அடித்து ஜெயிக்கப் போவதில்லை. ஒரே வேனில் ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் நெருக்கியடித்துக்கொண்டு போகிற ஊர் இது. ஆசிரியர் கண் அங்கே இல்லை. பகடிவதை என்றால் எல்லோரும் வகுப்பறையை நினைக்கிறார்கள், என் அனுபவத்தில் பாதி வேனில்தான்.

ஒரு தடவை கிண்டல் செய்தது வேறு. பலம் கூடியவன் அதே ஆளைத் திரும்பத் திரும்பச் சீண்டினால் அது பகடிவதை. வேன்கார அண்ணனிடம் சொல்லிச் சின்னவர்களை முன் இருக்கைக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுங்கள்: சத்தமாக "நிறுத்து" என்று சொல்வது, அங்கிருந்து விலகுவது, அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல்வது. வீட்டில் நடித்துப் பழகிப் பார்க்கலாம். நீங்களே அந்த ஆறாம் ஆண்டுப் பையனாக நடியுங்கள், பிள்ளை விழுந்து விழுந்து சிரிப்பான், ஆனால் வரி மனசில் நிற்கும்.

சீண்டல் நிற்கவில்லை என்றால் மாணவர் நலப் பிரிவுத் துணைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வயிற்று வலிக்குச் சொன்ன அதே நாள்காட்டி இங்கேயும் உதவும்: தேதி, இடம், யார், என்ன சொன்னார்கள். அப்புறம், "நம்ம கலரே அப்படித்தான்" என்று வீட்டில் நாமே கேலி பேசுவதையும் நிறுத்த வேண்டும். வேனில் சொன்ன சொல் பல நேரம் ஏதோ ஒரு வீட்டில் கற்றது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிபி ஆறு, என் மகளுக்கு மூணுதான். பயமா இருக்கு.

டிபி என்பது ஒன்று முதல் ஆறு வரை பள்ளி போடும் தேர்ச்சி நிலை. அதில் 3 என்றால் குறைந்தபட்சத் தேர்ச்சியை எட்டிவிட்டாள் என்று பொருள், தோல்வி இல்லை. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்கான பரீட்சைகளையும், 2021-இல் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யுபிஎஸ்ஆரையும் ரத்து செய்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததா என்றால், பள்ளியில் குறைந்தது, வீட்டில் குறையவில்லை. யுபிஎஸ்ஆரில் ஏழு ஏ எடுத்த அண்ணனின் படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது.

ஒப்பிட வேண்டும் என்றால் போன வருட மகளோடு இந்த வருட மகளை ஒப்பிடுங்கள். எவ்வளவு முயன்றும் ஒன்று, இரண்டிலேயே நின்றால் அவளைத் திட்டாமல் கண், காது, வாசிப்புச் சிக்கல் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பலகை தெரியாமலே மூன்று வருடம் "மக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

ரோத்தான் பிரம்பு இல்லாம பிள்ளை அடங்குமா? நாங்க அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?

அடங்கும், நீங்கள் பார்க்கிற வரைக்கும். அடி வாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது மாட்டிக்கொள்ளாமல் இருப்பதை. தப்பு செய்தால் சொல்லாமல் மறைப்பான், மேலே "ஒண்ணுமில்ல" என்றானே, அதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளியிலும் எல்லா ஆசிரியரும் பிரம்பை எடுக்க முடியாது, பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது என்று கல்வி அமைச்சின் விதி இருக்கிறது.

கத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் புத்தியும் ஏறாது. பக்கத்தில் இருங்கள், பேசாதீர்கள், அடங்கியதும் பேசுங்கள். சிந்தியதைத் துடைக்கச் சொல்லுங்கள், தம்பியைத் தள்ளியிருந்தால் ஐஸ் எடுத்து வந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பதும் ரோத்தானின் தம்பிதான்: அந்த நேரத்துக்கு அமைதி. தூக்கத்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து வேன் பிடிக்கும் பிள்ளை எட்டரைக்குப் படுத்தாக வேண்டும். பதினோரு மணி வரை யூடியூப் பார்த்த பிள்ளையின் முரண்டுக்கு ஆலோசகர் தேவையில்லை.

தாத்தா தவறிட்டாரு. பிள்ளைகிட்ட என்ன சொல்றது? சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

"செத்துப்போயிட்டாரு, இனி வர மாட்டாரு" என்று நேராகச் சொல்லுங்கள். "தூங்குறாரு" என்று சொல்லிவிட்டு, பிள்ளை தூங்கப் பயப்படுகிறது என்று என்னிடம் வருகிறார்கள். "ஊருக்குப் போயிருக்காரு" என்றால் தினமும் வாசலைப் பார்க்கும். சாமிகிட்ட போயிட்டாரு என்று சேர்த்துச் சொல்லலாம், ஆனால் உடம்பு நின்றுவிட்டது, வலிக்காது என்பதையும் சொல்லுங்கள்.

கூட்டிப் போகலாம், பிள்ளைக்கு விருப்பம் இருந்தால். என்ன பார்ப்பான் என்று முன்பே சொல்லுங்கள்: பெட்டி, ஒப்பாரி, தப்பு அடிக்கிற சத்தம், அம்மாவும் அழுவாங்க. அவன் பக்கத்திலேயே இருக்க அழாத ஒரு பெரியவரை வைத்துவிடுங்கள். கருமக்கிரியை முடியும் வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்குப் பிறகு வரும் வெறிச்சோடிய நாட்களில்தான் பிள்ளை கேள்வி கேட்கும், சில சமயம் விளையாடிக்கொண்டே. வகுப்பாசிரியருக்கு ஒரு வரி தகவல் சொல்லி வையுங்கள்.

எஸ்டேட் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஃபிளாட்டுக்குப் போகணும், பள்ளியும் மாறணும். பிள்ளை மொரண்டு பிடிக்குது.

செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலத்தில் இப்போது தரவு மையங்கள். தோட்டத்து லயம் வீட்டு வரிசையின் வாசலில் ஓடித் திரிந்த பிள்ளைக்கு நான்காம் மாடி ஜன்னல் சிறை மாதிரி. அதோடு நூற்றைம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளியில் எல்லோருக்கும் அவன் பெயர் தெரியும். புதுப் பள்ளியில் அவன் கூட்டத்தில் ஒரு தலை.

முடிந்தால் வருட நடுவில் மாற்றாதீர்கள். போவதற்கு முன் ஒரு நாள் புதுப் பள்ளியைச் சுற்றிக் காட்டுங்கள், கழிப்பறை எங்கே, சிற்றுண்டிச்சாலை எங்கே என்று. பழைய நண்பன் ஒருவனோடு தொடர்பு இருக்கட்டும். கோயில் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக்கே அழைத்துப் போங்கள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை பள்ளி கேட்டில் அழுவதற்குச் சொன்னதெல்லாம் இங்கேயும் பொருந்தும், பிள்ளைக்குப் பத்து வயதானாலும்.

ஆலோசனை ஆசிரியர்கிட்ட அனுப்புறோம்னு பள்ளியில சொல்றாங்க. பைத்தியம்னு பேர் வந்துடாதா? ஓகேயு கார்டு கொடுத்துடுவாங்களா?

மனநல மருத்துவமனை இருப்பதால் தம்போய், தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயர்களையே கேலிக்கு எடுத்துக்கொண்ட நாடு இது, பயம் புரிகிறது. ஆலோசனை ஆசிரியர் மருத்துவர் இல்லை, எந்த நோயின் பெயரையும் அவர் எழுத முடியாது. பிள்ளையோடு பேசுவார், படம் வரையச் சொல்வார், உங்களைக் கூப்பிடுவார். சின்னப் பள்ளியில் அதற்கென்று தனி ஆள் இல்லாமல் வகுப்பாசிரியர் ஒருவரே பார்ப்பார். ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, மருத்துவர் உறுதி செய்து, நீங்களே சமூக நல இலாகாவில் விண்ணப்பித்தால் வருவது. பள்ளி தானாக எடுத்துக் கொடுக்க முடியாது.

அதற்கு மேல் உதவி வேண்டுமென்றால் அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள், பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

எட்டு வயசு, கோபம் வந்தா "செத்துப்போயிடுறேன்"ங்கிறா. சினிமா பார்த்துச் சொல்றாளா?

சினிமாவாகவே இருக்கலாம். ஆனாலும் கேளுங்கள். கோபம் தணிந்த பிறகு, "செத்துப்போகணும்னு சொன்னியே, உண்மையிலேயே அப்படித் தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது, மனசில் இருந்தால் வெளியே வரும். "இப்படிப் பேசினா அடி" என்று வாயை அடைப்பதுதான் ஆபத்து.

எப்படி என்று பிள்ளை சொன்னால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால், அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. தனியே விடாதீர்கள். மாத்திரையையும் களைக்கொல்லி மருந்தையும் பூட்டி வையுங்கள், தோட்ட வீடுகளில் இது வாசலிலேயே கிடக்கும். பேச ஆள் வேண்டுமென்றால் பெஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555.

சொந்தக்காரர் ஒருத்தர் தப்பாத் தொடுறாருன்னு பிள்ளை சொல்லுச்சு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்துக்கலாமா?

கூடாது. மானம் போக வேண்டியது அந்த ஆளுக்கு. 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். குடும்பம் கூடிப் பேசி மன்னிப்புக் கேட்க வைத்தால், அதே ஆள் அடுத்த தீபாவளிக்கு அதே சோபாவில் உட்காருவார்.

பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல." அதோடு நிறுத்துங்கள். மாமா, சித்தி, பாட்டி என்று ஆளாளுக்குக் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதி போடுங்கள். சமீபத்தில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர், போலீஸ், சமூக நல அதிகாரி எல்லோரையும் ஒரே இடத்தில் வரவழைக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்றால் தாலியான் காசே உதவி எண் 15999, எந்த நேரமும்.

எல்லாம் சரி. ஆசிரியரே காரணம்னா? எங்க பேச்சு எடுபடுமா?

எடுபடும், ஒழுங்காகப் போனால். முதலில் அந்த ஆசிரியரிடமே, கோபமில்லாமல்: "வகுப்புல எல்லார் முன்னாடியும் கழுதைன்னு சொன்னீங்கன்னு சொல்றான், என்ன நடந்துச்சு?" பாதி விவகாரம் இங்கேயே முடிந்துவிடும், சில சமயம் பிள்ளை பாதிக் கதைதான் சொல்லியிருப்பான். தீரவில்லையா, தலைமையாசிரியர். அதற்கும் மேலே கூலாய் மாவட்டக் கல்வி அலுவலகம், கல்வி அமைச்சின் சிஸ்பா புகார்த் தளம். அடித்தார், தொட்டார் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், முந்தைய பதில்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் பெயரைப் போட்டுத் திட்டாதீர்கள். அடுத்த நாள் காலையில் அந்த வகுப்பில் உட்காரப் போவது உங்கள் பிள்ளை. பேசப் போகும்போது தேதி எழுதிய காகிதம் கையில் இருக்கட்டும், முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள். தினமும் மத்தியானம் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர் அவர்தான்.